தலைகீழாய்ப் பாடிய மோகனம்

எங்கள் முன்னறைச் சுவர் ஒரு சனிக்கிழமை காலையில் முனகத் தொடங்கியது. நான் தண்ணீர்க் குழாய்களைப் பற்றிப் படித்த பொறியியலாளன். முனகுகிற எதையும் முதலில் குழாய் என்றுதான் சந்தேகிப்பேன். குசினிக்குப் போய்க் குழாயைப் பூட்டினேன். முனகல் நிற்கவில்லை. குளியலறைக் குழாயையும் பூட்டிவிட்டு வந்து சுவரில் காதை வைத்தேன். ஒரே ஒரு சுரம், ஏறாமல் இறங்காமல், பெரிய வண்டொன்று செங்கலுக்குள் குடியிருப்பதுபோல நின்றது.

செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு வந்து தானும் காதை வைத்தாள்.

"இது குழாய் இல்லை. சுதி. ஆரோ சுதி பிடிக்கினம்."

"வெள்ளைக்காரனுக்கு என்னத்துக்குச் சுதி?"

"போய்க் கேளுங்கோவன். ஆனா குறைக்கச் சொல்லிச் சண்டை பிடியாதேங்கோ. அது சரியான சுதி."

எழுபதுகளின் தொடக்கம் அது. சிட்னியில் கிளீப் பகுதியில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் பழைய வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். செந்தாடி வைத்த ஓர் இளைஞன் தேநீர்க் கோப்பையோடு கதவைத் திறந்தான். உள்ளே யாரும் எதையும் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு மின்கிட்டாரை அதன் ஒலிபெருக்கிக்கு முன்னால் சாத்தி வைத்திருந்தார்கள். அது தன் சத்தத்தைத் தானே கேட்டு, கேட்டதையே திரும்பச் சொல்லி, தனியாக முனகிக்கொண்டிருந்தது.

"குறைக்கவா, மேட்?" என்றான். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் மேட், தோழன்.

"வேண்டாம். சரியான சுருதி என்று என் மனைவி சொல்கிறாள்."

அவன் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். அன்று தொடங்கிய தலைச்சுற்று நிற்க நெடுநாள் எடுத்தது. அந்த நாட்களில் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மகிழ்ச்சிக்கு வேறொருத்தி விலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சுவர்களுக்கு ஊதா நிறம் அடித்திருந்தார்கள். கூரைக்கு ஏன் பச்சை என்று கேட்டேன். ஊதா முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் வீட்டில் சாமிக்கு முன்னால் ஓர் ஊதுபத்தி கொளுத்தினால், அங்கே யாருக்கும் முன்னால் இல்லாமல் ஒரு கட்டையே கொளுத்துவார்கள். செந்தாடிதான் குழுவின் தலைவன். கிட்டார் வாசித்து, ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பான். முரசு அடிப்பவன் ஒருவன். ஒரே ஒரு தரம் தவிர அவன் வாய் திறந்து நான் கேட்டதில்லை. மூன்றாவது ஒரு பெண். அவளுக்கு வாத்தியம் கிடையாது. கண்ணாடித் தட்டில் எண்ணெயும் சாயத் தண்ணீரும் ஊற்றி, அதன் ஊடாக விளக்கைப் பாய்ச்சி, பாட்டுக்கேற்றபடி திரையில் நிறங்களைக் குமுறவிடுவது அவள் வேலை. நான் அவளை விளக்குக்காரி என்றே நினைவில் வைத்திருக்கிறேன்.

இந்தச் சங்கீதத்துக்குச் சைக்கடெலிக் ராக் என்று பெயர் என்பதைச் செந்தாடியே சொன்னான். அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் லண்டனிலும் சில வருடங்களுக்கு முன் பிறந்ததாம். போதையில் சுவர்கள் மூச்சு விடுவதைப் பார்த்த பிள்ளைகள், அதை மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடைக்க முடியாமல் பாட்டை நீட்டினார்கள். கிட்டாரை வாசிப்பதை விட்டு அலறவிட்டார்கள். சித்தாரைக் கண்டுபிடித்தார்கள். ஒலிநாடாவை வெட்டினார்கள், வளையமாக்கினார்கள், பின்பக்கமாக ஓட்டினார்கள். அங்கே அது மங்கத் தொடங்கிய காலத்தில்தான் இசைத்தட்டுகளாகக் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்ததென்று நினைக்கிறேன். "நாங்கள் எல்லாவற்றுக்கும் பிந்தியவர்கள், மேட். ஆனால் வந்தால் கடைசிவரை போவோம்," என்பான் அவன்.

முதல் நாளே கேட்டான்: "நீ இந்தியனா?"

"சிலோன்."

"சித்தார் வாசிப்பாயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "சித்தார் எங்கள் பக்கத்து வாத்தியம் இல்லை. எங்களுடைய சங்கீதம் இன்னும் பழையது."

எனக்குப் பாடத் தெரியாது. தாளம் போட்டால் கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஆனால் அந்த ஒரு வசனத்துக்கு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலைத்தலத்தில் என் பெயரை ஒழுங்காகச் சொல்லக்கூட யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இங்கே நான் பேசுவதைக் கேட்க மனிதர்கள் தரையில் உட்காருகிறார்கள். அடுத்த வாரமே என்னைக் குரு என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் மறுக்கவில்லை. மனைவியிடம் காதால் பொறுக்கிய சொற்களை எடுத்துக்கொண்டுபோய் அங்கே பெருக்கினேன். மோகனத்தை வடக்குப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்றேன். அவர்கள் ஒலிபெருக்கிகளைத் தூக்கித் திசை மாற்றினார்கள். தோடியைச் செருப்போடு கேட்டால் காய்ச்சல் வரும் என்றேன். முரசுக்காரன் உடனே காலணியைக் கழற்றினான். தலைமயிரை வளர்த்தேன். கால்களில் மணிபோல் விரியும் கால்சட்டை ஒன்று வாங்கினேன்.

மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இன்னொரு ஆளும் வரலாம் போலக் கிடக்கு," என்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் சங்கீத வாத்தியார். நான் சிட்னியில் படித்து முடித்து, வேலை கிடைத்து, எங்கள் நிறத்தவர்களுக்கும் இந்த நாட்டின் கதவு திறக்கத் தொடங்கிய காலத்தில், ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்து அவளைக் கூட்டிவந்தேன். கலியாணப் பேச்சுக்கால் எல்லாம் முடிந்த பிறகு மாமா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, இவளின்ரை பாட்டு நிண்டுபோகக் கூடாது. மாசத்துக்கு ஒருக்கா டேப்பில பிடிச்சு அனுப்பிவிடுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அப்போது வெளிநாட்டில் இருந்த எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. தொலைபேசி கட்டுபடியாகாது, கடிதத்தில் குரல் கேட்காது. ஒலிநாடாச் சுருளில் பேசித் தபாலில் அனுப்புவார்கள். ஊரில் யாராவது ஒருவர் வீட்டில் ரெக்கோடர் இருக்கும். எல்லோரும் கூடியிருந்து கேட்பார்கள். எங்கள் ஒலிநாடாவின் ஒரு பக்கத்தில் நான் சுகச்செய்தி சொல்லுவேன். மறுபக்கத்தில் அவள் பாடுவாள். அந்த மாதம் அவள் பாடியது மாமாவே இயற்றிய ஒரு முருகன் பாட்டு. மோகன ராகம்.

அந்தச் சுருளைத் தபாலில் போடப் போகும் வழியில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவியின் குரலைக் கேளுங்கள் என்று பெருமையாகத்தான் கொடுத்தேன். அதுவரை அதில் குற்றம் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டு ரெக்கோடர் சின்னது. ஒரு பக்கத்தை ஓட்டி, சுருளைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தை ஓட்ட வேண்டும். செந்தாடியின் இயந்திரமோ இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிபெருக்கிகளில் வாசித்துவிடும். எனக்கு அது தெரியாது. அவன் பொத்தானை அழுத்தினான். இடது ஒலிபெருக்கியில் நான், நேராக: "மாமா, நாங்கள் சுகம். இஞ்சை முட்டைக்கோவா நல்ல மலிவு, ஒரு கோவா ஒரு பிள்ளையின்ரை தலையளவு இருக்கும்..." மறுபக்கம் எதிர்த்திசையில் பதிந்திருந்ததால், வலது ஒலிபெருக்கியில் அவள், தலைகீழாக.

அதை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு சுரமும் மௌனத்திலிருந்து ஊறி, பெருத்து, உச்சத்தில் சட்டென்று அறுந்தது. சொற்கள் மூச்சை உறிஞ்சிக்கொண்டு பிறந்தன. அவளுக்குப் பின்னால் ஒலித்த சுருதிப்பெட்டிக்கு மட்டும் முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அது அப்படியே நின்றது. மோகனத்துக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் அதே ஐந்து சுரங்கள்தான். அதனால் தலைகீழாய் ஓடியும் அது ராகத்தைவிட்டு விலகவில்லை. மோகனம்தான், ஆனால் கடலுக்கு அடியிலிருந்து எழுந்து வருகிற மோகனம்.

செந்தாடி தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். விளக்குக்காரி அழுதாள். முரசுக்காரன் எழுந்துபோய் இடது ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினான். கோவா விலை நின்றது.

"இதை எங்களுக்குத் தா, குரு," என்றான் செந்தாடி. "பிரதி எடுத்துக்கொண்டு சுருளைத் திருப்பித் தருகிறேன். இதன் மேல் ஒரு பாட்டுக் கட்டுகிறேன். இருபது நிமிடம் ஓடும்."

விளக்குக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவளிடம் கேட்க வேண்டாமா?"

"நான் கேட்டுவிட்டேன். அவளுக்குச் சம்மதம்," என்றேன்.

கேட்டால் மறுத்துவிடுவாள், சாமி பாட்டை இப்படியான இடத்தில் போட விடமாட்டாள் என்று நினைத்ததால்தான் பொய் சொன்னேன் என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிடச் சின்னது. அவள் அந்த வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் சங்கீதம் தெரிந்தவள் யார் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதன் பிறகு யார் குரு?

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர்கள் நன்றி சொல்ல வீட்டுக்கு வந்துவிடுவார்களே என்ற பயத்தில் இன்னொன்றையும் சொன்னேன்.

"ஒரு விஷயம். எங்கள் வழக்கப்படி ஒரு பெண்ணின் பாட்டை அவளுடைய முகத்துக்கு முன்னால் பாராட்டக் கூடாது. கண்ணூறு பட்டுக் குரல் போய்விடும். இந்த ஒலிநாடாவைப் பற்றி அவளிடம் பேசவே கூடாது."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். தங்கள் ஊர்ப் பாதிரியார் சொன்னால் சிரித்திருப்பார்கள். நான் சொன்னதைக் கடைசிவரை காப்பாற்றினார்கள்.

பாட்டு உருவானபோது நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். வேலையில் குழாய்களின் வரைபடத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்த இராட்சத வண்டின் சுருதியை முனகுவேன். செந்தாடி அவள் குரலைச் சற்று மெதுவாக ஓடவிட்டு, அதற்கு எதிரொலி சேர்த்து, சுற்றிலும் கிட்டாரை அலறவைத்தான். முரசு ரயில்வண்டிபோல வந்து போகும். நடுவில் எல்லாம் அடங்கி அவள் குரல் மட்டும் நிற்கும். பல்லவியில் 'முருகா' என்று வருமிடம், பின்பக்கமாக 'ஆகுரும்' என்று ஒலித்தது.

ஒரு ஞாயிறு பிற்பகல், புறநகரொன்றின் நகர மண்டபத்தில் முதல் கச்சேரி. விளக்குகள் தெரிவதற்காகச் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மனைவியைக் கூட்டிப்போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் விளக்குக்காரியே வாசலில் வந்து அழைத்துவிட்டாள்.

சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, தலையில் கனகாம்பரம் கிடைக்காததால் ஏதோ ஒரு மஞ்சள் பூவை வைத்து, இவள் அந்தக் கூட்டத்துக்குள் நடந்து வந்தபோது, பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். எல்லோரும் தரையில் படுத்திருந்தார்கள். இவள் ஒரு கதிரையைத் தேடி எடுத்துப் போட்டு, காலுக்கு மேல் கால் போடாமல், கச்சேரிக்கு இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தாள்.

முதலில் வண்டு வந்தது. பிறகு ரயில். எண்ணெயும் சாயமும் திரையில் பொங்கி அவளுடைய சேலையிலும் வழிந்தன. பிறகு எல்லாம் அடங்கி, அந்தக் குரல்.

அவளுடைய கை தொடையில் தாளம் தேடத் தொடங்கியது. தேடியது, பிடிபடவில்லை, திரும்பத் தேடியது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒலிபெருக்கிக்கு மேலால் கத்தினாள்.

"இது மோகனமெல்லே!"

நான் திரையைப் பார்த்தேன்.

"மோகனம்தான். ஆனா இப்பிடி ஒரு மோகனத்தை நான் கேட்டதே இல்லை! ஆரப்பா இந்த மனுசி?"

அவள் முகம் அவ்வளவு ஒளியாக இருந்தது. தன்னுடைய குரல் என்ற சந்தேகம் அவளுக்கு எள்ளளவும் வரவில்லை. மண்டபம் முழுக்க "ஆகுரும்! ஆகுரும்!" என்று கத்தத் தொடங்கியது. அவளும் சேர்ந்து கத்தினாள். அந்த இடத்தில் அவள் காதுக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னேன்: "அவ ஒரு நேபாளக்காரி."

"நேபாளக்காரியோ! எங்கை கர்நாடக சங்கீதம் படிச்சவ?"

"மெட்ராசில."

"இப்ப எங்கை இருக்கிறா?"

"மெல்பேண்."

மெல்பேர்ன் என்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. ரயிலேறினால் போய்விடலாம். "ஒருக்கா போய்ப் பாத்துப்போட்டு வருவமே? அவவிட்டை நான் படிக்க வேணும்," என்று காலையும் மாலையும் கேட்டாள். வேறு வழியில்லாமல் நேபாளக்காரிக்கு ஒரு கலியாணம் பேசி, மாப்பிள்ளையையும் ஏற்பாடு செய்து, அவளைக் காத்மண்டுவுக்கு அனுப்பிவைத்தேன். என் மனைவி இரண்டு நாள் அந்தப் பிரிவுக்குத் துக்கப்பட்டாள். "கலியாணம் முடிச்சுப் பாட்டை விட்டிடுவாவோ தெரியாது," என்றாள்.

பாட்டை விட்டது இவள்.

உடனே இல்லை. முதலில் அந்த மனுசியைப்போலப் பாடிப் பார்த்தாள். சுரத்தை மௌனத்திலிருந்து ஊறவைத்துப் பார்த்தாள், வந்தது. சட்டென்று அறுத்துப் பார்த்தாள், அதுவும் வந்தது. மூச்சுத்தான் பிடிபடவில்லை. "அவ எங்கை மூச்செடுக்கிறா எண்டு கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு. மனிசர் மூச்செடுக்கிற இடத்தில அவ எடுக்கிறாவே இல்லை," என்பாள். தலைகீழாய் ஓடும் குரலில் மூச்சு எங்கே இருக்கும்? ஒவ்வோர் அடியும் தொடங்குமுன் அவள் உள்ளிழுத்த மூச்சு, தலைகீழில் அந்த அடி முடியும் இடத்தில் பெருமூச்சாகக் கிடந்தது.

ஒரு நாள் விளக்குக்காரி தேநீர் குடிக்க வந்தபோது, இவள் துணிவை வரவழைத்துக்கொண்டு மாமாவின் பாட்டை, நேராகவே, அவளுக்குப் பாடிக் காட்டினாள். பாடி முடித்து, பிள்ளைகள் சோதனை முடிவைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தாள். விளக்குக்காரியின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் அவள் நான் கற்பித்த வழக்கத்தை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். "இங்கே மழை வரும்போலிருக்கிறது," என்றாள்.

அவள் போன பிறகு என் மனைவி கோப்பைகளைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"நேபாளக்காரியைக் கேட்ட காதுக்கு நான் என்னத்தைப் பாடி என்னத்தை."

அந்த மாதம் யாழ்ப்பாணத்துக்கு ஒலிநாடா போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. சுருதிப்பெட்டி அலமாரிக்கு மேல் ஏறியது. மாமாவிடமிருந்து ஒரு சுருள் வந்தது. அவருடைய குரல் அடக்கமாக: "தம்பி, பிள்ளைக்குத் தொண்டை சரியில்லையோ? தபாலிலதான் எங்கையோ நிண்டுபோச்சுதோ?" நான் பதில் பேசினேன். தொண்டை சரியில்லை என்றேன். அதற்கு அடுத்த வசனமாகக் கோவா விலையைச் சொன்னேன்.

இதே மாதங்களில்தான் பக்கத்து வீட்டில் என் கொடி பறந்தது. 'ஆகுரும்' பாட்டைக் கேட்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மேடைக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, "எங்கள் குரு," என்று கைதட்டவைத்தார்கள். விரிந்த கால்சட்டையோடு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அந்தத் தட்டல் யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் ரேடியோகூடப் பாடாது. தெரிந்துகொண்டுதான் அடுத்த வாரமும் போய்க் கும்பிட்டேன்.

ஆனால் அவள் நான் நினைத்ததைவிடப் பிடிவாதக்காரி. எனக்குத் தெரியாமல் விளக்குக்காரியிடம் அந்தப் பாட்டின் நாடாவைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவளும், இவள் தன் குரலைத்தானே கேட்கிறாள் என்று கொடுத்திருக்கிறாள். நான் வேலைக்குப் போனபின், குசினியில், உரித்த வெங்காயத்துக்கு நடுவில் வைத்து, துண்டு துண்டாகப் படித்திருக்கிறாள். மூச்சு எடுக்க இடமில்லாத இடத்தில், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சுரத்தைப் பாடலாம் என்று கண்டுபிடித்திருக்கிறாள். எந்த வாத்தியாரும் சொல்லித்தராதது. விளங்காத சொற்களை விளங்காமலே பாடமாக்கியிருக்கிறாள்.

அதற்குள் காலமும் மாறிக்கொண்டிருந்தது. நீண்ட பாட்டுகளுக்கு இருந்த மோகம் குறைந்துவிட்டது. மதுக்கடைகளில் வியர்வையோடு நின்று குடிக்கிறவர்களுக்குக் குட்டையான, முரட்டுப் பாட்டுகள் வேண்டும். எண்ணெயும் சாயமும் அங்கே எடுபடாது. அந்தப் பக்கம் போவதற்கு முன், நகர மண்டபத்தில் கடைசியாக ஒரு பிற்பகல் வாசித்துவிடுவது என்று செந்தாடி முடிவு செய்தான். அதற்கான ஒத்திகை நாளன்று, அந்த ஊதா வீட்டு வாசலில் என் மனைவி நின்றாள்.

"நான் ஒண்டு பாடிக் காட்டலாமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ," என்றாள் என்னிடம். "நேபாளக்காரி இல்லாத இடத்தில, அவவின்ரை பாட்டை."

என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அவளே தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டாள். செந்தாடி சரியென்று ஒலிவாங்கியை வைத்து, இயந்திரத்தையும் ஓடவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலைகீழ் மோகனத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாடினாள். உறிஞ்சல், ஊறல், அறுப்பு எல்லாம் அப்படியே. முடிந்தபோது முரசுக்காரன் முதன்முறையாக வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு வழக்கம் நினைவுக்கு வந்து மூன்று பேரும் தலையைக் குனிந்தார்கள்.

அவளுடைய முகம் வாடியது.

செந்தாடி தாங்கமாட்டாமல் சுருளைக் கழற்றினான். பாராட்டத்தானே கூடாது, காட்டலாமே என்று நினைத்திருப்பான். பின்பக்கமாக மாட்டி ஓட்டினான்.

ஒலிபெருக்கியிலிருந்து மாமாவின் பாட்டு வந்தது. வெளிநாட்டுக்காரி ஒருத்தி கஷ்டப்பட்டுப் படித்த தமிழ்போல, அங்கங்கே நொண்டிக்கொண்டு. ஆனால் அவருடைய சங்கதிகள், அவருடைய எடுப்பு. பல்லவியில் தெளிவாக, "முருகா."

அவள் ஒலிபெருக்கிக்குக் கிட்டப் போனாள். அது முடியும்வரை கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இது ஏன் அப்பாவின்ரை பாட்டாய் வருது?"

"உன்னுடைய ஒலிநாடாதானே," என்றாள் விளக்குக்காரி குழம்பிப்போய். "நீதானே சம்மதம் சொன்னாய். உன்னைப் பாராட்டக் கூடாதென்று குரு சொன்னாரே. அதனால்தான் நாங்கள் இவ்வளவு நாளும்... குரல் போய்விடுமாமே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி கடைசியாகப் பார்த்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு ஊதா மெத்தையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. விளக்குக்காரிக்கும் தொற்றியது, பிறகு எல்லோருக்கும். விக்கல் எடுத்து, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நேபாளக்காரிக்குப் பிள்ளை குட்டி ஏதும் பிறந்திட்டுதோ?"

நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லோருக்கும் முன்னால், தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்," என்றாள். "நீங்கள் எங்களுக்கெண்டு ஒரு வழக்கம் உண்டாக்கி வைச்சிருக்கிறியள். நல்ல வழக்கம். அதை இனி நீங்களே காப்பாத்த வேணும். மற்ற எல்லாரும் என்னைப் பாராட்டலாம். நீங்கள் மட்டும் பாராட்டக் கூடாது."

கடைசிக் கச்சேரியில் அவள் மேடையில் இருந்தாள். சப்பாணி கட்டி உட்கார்ந்து, சுருதிப்பெட்டியோடு, தந்தையின் பாட்டை நேராகப் பாடினாள். ஒலிநாடாவில் அவளே தலைகீழாகப் பாடினாள். இரண்டும் ஒரே சுருதியில் எதிரெதிரே ஓடி, நடுவில் எங்கோ ஓரிடத்தில் சந்தித்து, ஒன்றையொன்று கடந்து போயின. படுத்திருந்த பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அதன் பின் செந்தாடி தாடியை மழித்துக்கொண்டு மதுக்கடைகளுக்குப் போனான்.

அந்த வாரமே யாழ்ப்பாணத்துக்கு ஒலிநாடா போனது. மாமாவிடமிருந்து பதில் வரச் சுணங்கியது. வந்த சுருளில், பக்கத்தில் யாரோ அவருக்கு உரத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அந்த மாதங்களுக்குள் அவருடைய காது மந்தமாகிவிட்டிருந்தது. "ரெக்கோடரில காதை வைச்சுக் கேட்டனான் பிள்ளை," என்றார். "சுதி கேக்குது. சொல்லுத்தான் பிடிபடேல்லை." அவள் அதை என்னிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான் அதை மறந்ததும் இல்லை. காது நன்றாக இருந்த காலத்தில் அவருக்குப் போயிருக்க வேண்டிய பாட்டுகள் நான் சொல்லாத ஒரு வசனத்துக்காகக் காத்திருந்து, பாடப்படாமலே போயின. அதைத் திருப்பிக் கொடுக்க எந்த இயந்திரமும் இல்லை.

இப்போது சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில் இருக்கிறோம். அவளிடம் பாட்டுப் படித்த பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். போன மாதம் அவள் பாடியபோது குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் மோகனத்தை எடுத்த இடத்தில் மண்டபம் பேச்சை நிறுத்தியது. வெளியே வரும்போது ஓர் இளம்பெண் என்னிடம், "அங்கிள், அன்ரி இண்டைக்கு எப்பிடிப் பாடினவா?" என்று கேட்டாள்.

"பரவாயில்லை," என்றேன்.

காரில் ஏறி இருக்கை வாரைப் பூட்டிய பிறகு மனைவி சொன்னாள்.

"பரவாயில்லை எண்டு சொல்லுறதும் பாராட்டுக்குள்ளைதான் வரும்."

"அப்ப நான் என்னத்தைத்தான் சொல்லுறது?"

"காரை எடுங்கோ."

எடுத்தேன். ஹரிஸ் பார்க் கடையில் இடியப்பம் வாங்கிக்கொண்டு போவோமா என்று கேட்டாள். ஓம் என்றேன். சிவப்பு விளக்கில் நின்றபோது மெல்ல முனகத் தொடங்கினாள். நான் வீதியையே பார்த்துக்கொண்டு, முகத்தை ஒன்றும் கேளாதவன்போல வைத்துக்கொண்டு, பச்சை விளக்கு வரக் கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தேன்.